மாத்திருவாவ

மே 6, திங்கள்

பதவி உயர்வு ஆர்டர் வந்துவிட்டது. கோவில்பட்டி விதைப் பரிசோதனை நிலையத்துக்கு நான் அலுவலர். ஜூன் மூன்றாம் தேதி பொறுப்பேற்க வேண்டும். வேண்டாமென்றால் இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் அத்தோடு சரி, இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பாளையங்கோட்டை ஆய்வகத்தில் இத்தனை வருடமாக ஈரத்தாளில் விதையைப் பரப்பி, எது முளைத்தது, எது முளைக்கவில்லை, ஏன் முளைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ‘ஏன்’ வீட்டுக்கு வந்தாலும் என்னை விடாது. ஆனால் கடைசிக் கையெழுத்து எப்போதும் வேறு யாருடையதாவதுதான். ரிட்டயர் ஆவதற்குள் அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசை. வெட்கமில்லாத ஆசை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் என் தலை. வெயிலில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒற்றைத் தலைவலி பிடித்து, ஜன்னலைச் சாத்திப் படுத்துவிட வேண்டியதுதான். கோவில்பட்டியில் வீடு பார்க்கவும் முடியாது. இவருக்குக் கண்ணில் பிரஷர். ஓரப் பார்வை எல்லாம் போய் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. இந்த வீடு என்பதால்தான் சுவரைத் தொட்டுத் தொட்டு ராஜா மாதிரி நடமாடுகிறார். வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால் தண்ணீர்ப் பானையைக்கூடத் தேட வேண்டும். ஆகவே காரில்தான் போய் வர வேண்டும். கார் என்றால் எங்கள் வெள்ளைக் காண்டஸா. இவர் ஓட்டியது, மூன்று வருடமாக நான் ஓட்டுகிறேன். அதன் ஏசி போன கோடையிலேயே வாயை மூடிவிட்டது.

இவரிடம் ஆர்டரைப் படித்துக் காட்டினேன். “ரொம்ப சந்தோசம்ளா” என்றார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

மே 8, புதன்

மேலப்பாளையம் ரோட்டில் செய்யது கடை. கார் ஏசி தவிர வேறெதையும் தொட மாட்டார். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரிச் சிரித்தார்.

“மேடம், இது பழைய கேஸ்ல ஓடுத வண்டி. அந்த கேஸ் இப்ப தயாரிப்பே கிடையாது. ஆகாசத்துல ஓட்டை போடுதுன்னு நிறுத்திட்டாவ.”

“அப்போ என்ன செய்யணும்?”

“புது கேஸுக்கு மாத்தணும். கேஸ மட்டும் மாத்துனா போதாது. ஆயில் வேற, ரப்பர் வளையம் வேற, வால்வு வேற. பழைய ஆயில் ஒரு சொட்டு உள்ள கெடந்தாலும் புது கேஸுக்கு ஒத்துக்கிடாது. சாமான் மதுரைல இருந்து வரணும்.”

ஏன் ஒத்துக்கொள்ளாது என்று கேட்டேன். கேஸ் ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டுமாம், புது கேஸால் பழைய ஆயிலை இழுக்க முடியாதாம், ஆயில் வராவிட்டால் கம்ப்ரஸர் இறுகிவிடுமாம். அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார். பழைய சிலிண்டரில் அவரிடம் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. முதலில் அதை அடித்துப் பார்க்கலாம், கேஸ் நின்றால் இந்தக் கோடையை ஓட்டிவிடலாம் என்றார். அடித்தார். என் முகத்தில் காற்று பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டு வாசலில் இவரை ஏற்றி உட்கார வைத்தேன். ஏசி துவாரத்துக்கு நேரே கையை விரித்து வைத்திருந்தார். “கேஸ் எது வழியா ஏத்துனாவ?” என்று கேட்டார். எனக்கு இப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும். பானட்டைத் திறந்து, அவர் கையைப் பிடித்து, வால்வையும் அதன் மூடியையும் தொட்டுக் காட்டினேன். உள்ளே நடுவில் ஓர் ஊசி இருக்கிறது, அதை அமுக்கினால் ஆள் நிற்க முடியாமல் பீய்ச்சும் என்று செய்யது சொன்னதையும் சொன்னேன்.

மே 10, வெள்ளி

காலையில் ஏசியைப் போட்டேன். வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரிக் காற்று. கம்ப்ரஸர் ‘டக்’ என்று பிடிக்கும் சத்தமே இல்லை.

இவருக்கு ஆள்காட்டி விரலில் கொப்புளம். பால் பாத்திரம் சுட்டுவிட்டதாம். சூடு பட்டால் சிவக்கும், இது வெளுத்துப்போய் இருந்தது. கற்றாழையை வெட்டிப் பூசிவிட்டேன். இன்றைக்குப் பால் பாக்கெட் வரவில்லை, கடுங்காப்பிதான் குடித்தோம்.

மே 11, சனி

செய்யது சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். எங்கே கேஸ் கசிகிறதோ அங்கே நுரை முட்டையிடும். நானும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு முட்டைகூட இல்லை. நைட்ரஜனை ஏற்றி, மீட்டரை மாட்டிவிட்டு மதியம் வரை காத்திருந்தோம். முள் அசையவில்லை.

“ஓட்டை இல்ல மேடம்.”

“பின்னே கேஸ் எங்கே போச்சு?”

அவருக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. கடையின் பேரைக் கெடுக்க வந்தவளைப் போல என்னைப் பார்த்தார். வண்டி ஓடுகிற அதிர்வில் மட்டும் திறக்கிற ஓட்டை என்று ஒன்று உண்டாம். அதைக் கண்டுபிடிக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டுமாம். அப்படி ஓர் ஓட்டை இருக்க முடியுமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இருக்கலாம்.

மே 15, புதன்

மறுபடி கேஸ் அடித்தாயிற்று. இந்தமுறை வால்வு மூடியைக் குறடு போட்டு இறுக்கினார்.

“இனி இத எங்க அத்தா வந்தாலும் கையால தொறக்க முடியாது” என்றார். நல்ல குளிர். நாளை முதல் மத்தியானத்தில் வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மே 17, வெள்ளி

சூடு.

மூடியைத் தொட்டுப் பார்த்தேன். கையாலேயே சுழன்றது.

மே 18, சனி

கேஸைப் பற்றி நான் ஏதும் பேசவில்லை. இவர்தான் பேசினார். “அந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாதுளா. பழைய வண்டி. அது ஒத்துக்கிடாது. நீ எதுக்கு வெயில்ல கெடந்து அலையுத?”

“அலையாட்டா கோவில்பட்டிக்கு எப்படிப் போக?”

“அது சரிதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “போய்த்தான் ஆவணுமா?” என்றார். நான் காது கேட்காத மாதிரி வெண்டைக்காய் நறுக்கினேன்.

குறடு சமையலறை அலமாரியில், சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அது இருக்க வேண்டிய இடம் மாடிப்படிக்குக் கீழே. குழாய் ஒழுகியிருக்கும், இவர் எடுத்திருப்பார். எடுத்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

மே 20, திங்கள்

அலைச்சல். காலையில் இணை இயக்குநர் அலுவலகத்தில் சர்வீஸ் புத்தகம் சரி பார்த்தார்கள். மதியம் செய்யது கடை. அவர் தோற்றுப்போன முகத்தோடு, “புது கேஸுக்கே மாத்திருவோம் மேடம். சாமானுக்குச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் வந்துரும். அது வரைக்கும் சிலிண்டர்ல கடைசியா கெடக்கத ஏத்துதேன். இது எத்தன நாளைக்கு நிக்குதோ நிக்கட்டும்” என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போதே தலை விண்விண் என்றது. இவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“போன காரியம் என்னாச்சி?”

“அடுத்த வாரம் மாத்திருவாவ.”

“நெசமாவா?”

“ஆமா. இன்னைக்குத்தான் உறுதியா சொன்னாவ. அதுவரைக்கும் இருக்கறபடி இருக்கட்டும்னுட்டாவ.”

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சுவரைத் தொடாமல் சமையலறைக்குள் போனார். எனக்கு இஞ்சி தட்டிப்போட்டுக் காப்பி கொண்டுவந்தார். பாதி தட்டில் சிந்தியிருந்தது. என் ஏசிக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷனை நானும் இத்தனை நாள் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

மே 22, புதன்

குளிர் நிற்கிறது.

மே 25, சனி

இன்றும் நிற்கிறது! மத்தியான வெயிலில் வண்ணார்பேட்டை வரை ஓட்டினேன். தலை லேசாக இருந்தது. இவரும் வந்தார். கதவு ஓரம் சாய்ந்து உட்கார்ந்து பழைய பாட்டை முனகிக்கொண்டே வந்தார். “இந்த வண்டிய நான் எப்படி ஓட்டுவேன் தெரியுமா” என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த கதையை எல்லாம் எனக்கே சொன்னார்.

மே 27, திங்கள்

ஆய்வகத்தில் இன்று வேலை ஓடவில்லை. முதல் இரண்டு தடவை கேஸ் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு வாரமாக நிற்கிறது. ஒரே விதையை மூன்று தட்டில் போட்டு ஒரு தட்டு மட்டும் முளைத்தால், அந்தத் தட்டுக்கு மட்டும் ஏதோ ஒன்று வேறாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரோ, வெளிச்சமோ, தாளோ.

இங்கே எல்லாம் ஒன்றுதான். அதே சிலிண்டர், அதே வால்வு, அதே மூடி, அதே ரோடு, அதே வெயில். மூன்றாம் தடவை எது வேறு? செய்யதுக்குப் போன் செய்து கேட்டேன். ஓட்டை தானாக அடைபட்டிருக்கும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. என்னவென்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

மே 29, புதன்

தெரிந்துவிட்டது.

சங்கரன்கோவிலிலிருந்து மதினி போன் செய்தாள். இவருடைய அக்கா. “லோகா, ரொம்ப நல்லதாப் போச்சி. ஆர்டர மாத்திருவாவன்னு தம்பி போன வாரமே சொன்னான். அவன் கொரலே மாறிப்போச்சி பாத்துக்க. ஒத்தைல எப்படி இருப்பான்னு நானும் சங்கடப்பட்டுட்டே கெடந்தேன்.”

“எந்த ஆர்டர மதினி?”

“கோவில்பட்டி ஆர்டரத்தான். அடுத்த வாரம் மாத்திருவாவன்னு நீதான் சொன்னியாமே?”

சரி மதினி, வைக்கிறேன் மதினி என்று சொல்லி வைத்தேன்.

மாத்திருவாவ. யார், எதை என்று நான் சொல்லவில்லை. நம் பேச்சில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் கேஸைச் சொன்னேன், அன்று காலை நான் இணை இயக்குநர் அலுவலகம் போயிருந்ததால் இவர் ஆர்டர் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான் குளிர் நிற்கிறது.

விரல், மூடி, குறடு. எல்லாம் இந்த நோட்டிலேயே என் கையெழுத்தில் இருக்கிறது. பெரிய ஆராய்ச்சிக்காரிதான் நான்!

மே 30, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். இவர் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீர் செடிக்கு, பாதி தரைக்கு. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

“அடுத்த வாரம் மாத்திருவாவன்னு சொன்னது கேஸைத்தான். ஆர்டர யாரும் மாத்தப் போறதில்ல. நான் கோவில்பட்டிக்குப் போறேன்.”

காலியான செம்பு இவர் மடியில் இருந்தது.

கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. அந்த மனுஷன் செய்யதைத் தன் தொழிலையே சந்தேகப்பட வைத்துவிட்டார் இவர். நான் வெயிலில் நின்று நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வார்த்தை சொன்னேன். அந்த நான்கையும் இங்கே எழுத மாட்டேன். சொல்லி முடித்தபோது பார்த்தால் கோபத்துக்கு அடியில் அந்தப் பாழாய்ப்போன ‘ஏன்’ உட்கார்ந்திருந்தது.

“எப்படிச் செஞ்சிய? மூடிய அவர் குறடு வச்சில்லா இறுக்கிருந்தாரு?”

“நானும் குறடு வச்சித்தான்.” பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “நீதான கையைப் புடிச்சிக் காட்டுன. ஸ்க்ரூடிரைவர் நுனியால ஊசிய அமுக்குனேன். ‘ஸ்ஸ்’னு வந்துது. மொதத் தடவை கை பட்டுட்டு. கொள்ளி வச்ச மாதிரி இருந்திச்சி. குளிரு இப்படிச் சுடும்னு எனக்குத் தெரியாது.”

“எதுக்குங்க?”

செம்பை மடியில் உருட்டிக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“இப்ப நீ ஆபீஸ் போனா நான் இங்க இருந்தே உன் கூடவே வருவேன். மார்க்கெட் திருப்பம், பஸ் ஸ்டாண்டு, சர்ச்சு, உங்க ஆபீஸ் வேப்பமரம். எல்லாம் எனக்குக் கண்ணு நல்லா இருந்தப்ப பாத்தது. நீ மரத்தடியில வண்டிய விட்டு உள்ள போயிட்டன்னு தெரிஞ்சப் பொறவுதான் நான் குளிக்கவே போவேன். கோவில்பட்டி ரோட்ட நாலு வழின்னு புதுசாப் போட்டுட்டாவ. நான் போனதே இல்ல. நீ போனா எங்க போறன்னே எனக்குத் தெரியாதுளா. கண்ணு போனத விட அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

மூன்று வருடமாக இவர் தினமும் என்னோடு ஆபீஸுக்கு வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்து போய் அரிசி களைந்தேன். மனசு தாங்கவில்லை, அழுதேன்.

சாப்பிடும்போது சொன்னேன்: “நீங்க செஞ்சது தப்பு. நான் போகத்தான் போறேன்.”

“ஆமா” என்றார். எதற்கு ஆமா என்று கேட்கவில்லை.

மே 31, வெள்ளி

ஆபீஸில் கேட்டார்கள், எழுதிக் கொடுக்கிறீர்களா என்று. இல்லை, மூன்றாம் தேதி சேர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரவு நான் ஒரு முறைகூடக் காரைப் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. சாவி எப்போதும் போல ஆணியில் தொங்குகிறது.

ஜூன் 1, சனி

சாமான் வந்துவிட்டது. இவரும் கடைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதும் ஏசி குளிராகத்தான் இருந்தது.

மிச்சமிருந்த பழைய கேஸை வெளியே விடாமல் ஒரு சிலிண்டரில் பிடித்துக்கொண்டார் செய்யது. பழைய ஆயில் வடிந்தது, கறுத்த புளிக்கரைசல் மாதிரி. குழாய்களைக் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, உள்ளே காற்றும் ஈரமும் கொஞ்சமும் இல்லாதபடி பம்ப் வைத்து உறிஞ்சினார். ஈரத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டேன். ஈரம் உள்ளே ஐஸ் ஆகி வழியை அடைத்துவிடுமாம். பிறகு புது கேஸ்.

“முன்னால எதுனால போச்சி தெரியுமா அண்ணாச்சி?” என்று இவரிடம் போனார் செய்யது. “பழைய கேஸுக்கு வயசாயிட்டு. அதான் தானாவே கசிஞ்சிருக்கு. நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன்.”

இவர் இருமினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இப்பப் பாருங்க, வால்வே வேற மாதிரி. சும்மா ஆளு கைய வச்சா ஒண்ணும் நடக்காது.” இவர் கையைப் பிடித்துப் புது வால்வைத் தொட்டுக் காட்டினார். பாவி மனுஷா, அதை மட்டும் காட்டாதே என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

“வேற மாதிரிதான் இருக்கு” என்றார் இவர். சொல்லிவிட்டு நான் நிற்கிற திசையைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் 3, திங்கள்

காலையில் நான் புடவை கட்டி வெளியே வந்தால், இவர் வெள்ளைச் சட்டையும் செருப்பும் போட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னைக்கு ஒரு நாள் வாரேன். ரோட்டக் காட்டிரு. பொறவு நான் பாத்துக்கிடுதேன்.”

தச்சநல்லூர் தாண்டியதும் ஆரம்பித்தார். இது என்ன சத்தம்? பாலம். எவ்வளவு நீளம்? நீங்களே கேட்டுக்கிடுங்க. இது ஏன் குலுங்குது? வேகத்தடை. இடது பக்கம் என்ன? கங்கைகொண்டான் போகிற பிரிவு. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைச் சொன்னேன். கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். வந்த குளிர் எல்லாம் வெளியே போனது. போகட்டும் என்று விட்டேன். டோல்கேட்டில் வண்டி நின்று நின்று நகர்வதை விரலால் தொடையில் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டார். அன்றைக்கு என் கேள்விகளுக்கெல்லாம் செய்யது சலிக்காமல் பதில் சொன்னார். நானும் சலிக்கவில்லை.

ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து, வாசல் படி எத்தனை உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், என் மேசை எங்கே என்று இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஊழியர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். மாலை வரை இவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரோடும் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைவலி இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

தனியாகப் போனேன். டோல்கேட்டில் ஒரு லாரி பழுதாகி நின்று, வரிசை நகரவே இல்லை. ஏசி நன்றாக இருந்தது. ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்கும்போது இவரிடமிருந்து போன்.

“எங்க இருக்க?”

“இப்பத்தான் வந்தேன். டோல்கேட்ல லேட்டாயிட்டு.”

“அதான பாத்தேன். நான் முன்னாலயே வந்துட்டேன். உன்னக் காணுமேன்னு வாசல்லயே நிக்கேன்.”

வாசலைப் பார்த்தேன். படியில் வெயில் ஏறியிருந்தது.

“வெயில்ல நிக்காதிய” என்றேன். “உள்ள வாங்க.”